யாரு கண்ணுல அக்கா தங்கச்சி?
(ஆரோவிலில் ஒரு திரையிடலுக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' 2000-இல் ராஜீவ் மேனன் எடுத்த படம். பாட்டுக்காகவே பலதடவை பார்த்திருப்பீங்க. ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலின் தழுவல் அது. 1811-இல் நாவல் வந்தபோது அதில் ஆசிரியர் பெயர் கிடையாது. ஒரு பெண்மணி எழுதியது என்றுதான் போட்டிருந்தது. சொத்து ஆண் வாரிசுக்குப் போக, வீட்டைவிட்டு வெளியேறும் அக்கா தங்கச்சிகளின் கதை. பெரும்பகுதி அக்கா எலினாரின் மனசை ஒட்டியே நடக்கிறது.

படம் எங்க ஆரம்பிக்குது? போர்க்களத்துல. மேஜர் பாலா கால் இழக்கிறார். அக்கா தங்கச்சி அப்புறம்தான். நாவலில் அக்காவை விரும்பும் எட்வர்டு, படத்தில் மனோகர். சினிமா இயக்குநராகத் துடிப்பவன். படப்பிடிப்புக்கு இடம் தேடித்தான் அந்தச் செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைகிறான். கேமராவே மாப்பிள்ளையா வருது! பெண்ணின் உள்ளிருந்து சொல்லப்பட்ட பிரதி, வெளியாள் வந்து பார்க்கிற பிரதியாக மாறும் இடம் இது. சௌம்யா சென்னையில் வேலைக்குப் போவது மட்டும் இந்தப் பார்வைக்குள் முழுசா அடங்கல.

ஜெஃப்ரி யூஜெனிடிஸின் 'த வர்ஜின் சூசைட்ஸ்' (1993) நாவலை சோஃபியா கொப்போலா 1999-இல் படமாக்கினார். ஐந்து சகோதரிகள், கதை சொல்வது அந்தத் தெருப் பையன்கள். அந்தப் பெண்கள் கடைசிவரை தங்களுக்குப் பிடிபடலைன்னு அந்தக் குரலே ஒத்துக்குது. நம்ம படத்துக்கு அந்தச் சந்தேகமே வரல.

இன்னொண்ணு. வீடு பறிபோனதுக்கு நாமும் சேர்ந்து அழுதோம். அந்த வீட்டுத் திண்ணையில ஏற முடியாதவங்க வீட்டிலும் அக்கா தங்கச்சி உண்டு. அவங்க கதை அந்தப் படத்துல இல்ல. மரக்காணம் உப்பளத்துல அக்கா உப்பு வாருவா, தங்கச்சி கூடையில சுமப்பா. வெளியூர்க் கேமரா வந்தா வெள்ளை உப்பு, சூரியன், தலைச்சுமை, நிழல். அழகுதான். கூலி எவ்வளவுன்னு கேட்கிற சத்தம் மட்டும் பதிவாகாது. இங்க ஆரோவில்ல இதைச் சொல்லாம வேற எங்க சொல்றது?

பாமாவின் 'சங்கதி' (1994) படிச்சவங்களுக்குத் தெரியும். அதுல கதை சொல்றவ அந்தத் தெருக்காரி. பாட்டி சொல்ல அவ கேக்குறா, எதிர்த்தும் பேசுறா. பார்க்கிறவளும் பார்க்கப்படுறவளும் ஒரே தண்ணிக் குழாய்ல நிக்கிறவங்க. நாளைக்கு அதைப் படமாக்கணும்னு ஒருத்தர் வந்தா, முதல் காட்சியில பட்டணத்துலேருந்து ஒரு பத்திரிகைக்காரரை பஸ்ஸுல இறக்கத்தான் பார்ப்பார். அவர் கண்ணு வழியாத்தான் நம்ம தெரு தெரியும்பார்.

அந்த பஸ்ஸை எடுத்துட்டா முதல் காட்சியா எதை வைக்கலாம்? உப்பளத்துலேருந்து வந்திருக்கிற பொண்ணுங்க சொல்லட்டும். மைக்கைப் பின்வரிசைக்குக் கொடுங்க.