செயற்கைக் கடற்பாறைகள்

கண்ணாடி முகமூடி அணிந்து, மூச்சுக்குழாயை வாயிற் கவ்வி, கரையோரக் கடலில் முகங்கவிழ்ந்து மிதப்பவருக்கு நீரடி புதியதோர் உலகாகத் தோன்றும். அவ்வுலகை மனிதன் தன் கையால் ஆக்குதல் கூடுமா?

கரிபியன் கடலிலுள்ள கிரனடாத் தீவில் அம்முயற்சி நடைபெற்றது. 2004ஆம் ஆண்டின் ஐவன் சூறாவளி அத்தீவின் முருகைக்கற் பாறைகளைச் சிதைத்தது. 2006இல் ஜேசன் டிகெய்ரஸ் டெய்லர் என்னும் சிற்பி, மொலினியர் குடாவின் ஆழங்குறைந்த பகுதியிற் சீமெந்துச் சிலைகளை நிறுவினார். கைகோத்து வட்டமாக நிற்கும் சிறுவர் உருவங்கள் அவற்றுட் புகழ்பெற்றவை. அவற்றின் சொரசொரப்பான மேனியிற் பாசியும் கடற்பஞ்சும் முருகையும் பற்றி வளர்ந்தன. மீன்கள் புகலிடம் கண்டன. காண வருவோர் அங்குச் செல்வதால், நலிந்த இயற்கைப் பாறைகளுக்கும் ஓரளவு ஓய்வு கிட்டிற்று.

ஆயினும், கடலில் இட்டதெல்லாம் பாறையாகிவிடாது. அமெரிக்காவின் புளோரிடாக் கரைக்கப்பால், 1970களில், 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பழைய ரயர்கள் இதே நோக்குடன் அமிழ்த்தப்பட்டன. பிணித்த கட்டுகள் அறுந்தன; அலையில் உருண்ட ரயர்கள் அருகிலிருந்த உயிருள்ள பாறைகளையே மோதிச் சிதைத்தன. பின்னர் அவற்றை மீட்கச் சுழியோடிகள் இறங்கவேண்டியதாயிற்று.

இடம்பெயராத கனமும் நஞ்சற்ற தன்மையும் உடைய பொருளையே கடலில் இடல் வேண்டும். மிதந்து காண்போரும் அதனைத் தொடாது, மிதியாது காணல் வேண்டும்.