பல் முளைக்கும் பருவமும் குழந்தையின் சௌக்கியமும்

(ஒரு கிராமக் கூட்டுறவு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



விதை, உரம், கடன், தவணை ஆகிய விஷயங்களை ஆலோசிக்கக் கூடியுள்ள இச்சபையில் சிசுவின் பல்லைப்பற்றிப் பேசுவது பொருத்தமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். வீட்டில் ஒரு குழந்தை நோயுற்றால் வயல்வேலை நிற்கிறது; கைப்பணம் கரைகிறது; வைத்தியச் செலவுக்காக வாங்கும் கடன் அறுவடைக்குப் பின்னும் தீருவதில்லை. ஆகையால் குழந்தையின் க்ஷேமம் சங்கத்தின் க்ஷேமமே ஆகும்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே. பல் முளைப்பதால் உண்டாகும் சிறு உபத்திரவத்தை வீட்டிலேயே செலவின்றித் தணிக்கலாம். ஆனால் பல்லினால் உண்டாகாத நோயைப் பல்லின்மேல் சுமத்திவிட்டுச் சும்மா இருக்கலாகாது. ஒருவர் வாங்கிய கடனை வேறொருவர் பேரில் பற்று எழுதினால் சங்கத்துக் கணக்கு என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. குழந்தை வளர்ப்பிலோ இத்தகைய பொய்க்கணக்கு நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில வருஷங்களுக்கு முன் சுகாதார வேலையாக ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். ஒரு வீட்டில் எட்டு மாதக் குழந்தைக்கு மூன்று நாளாகப் பேதி. "பல் வருகிறது, ஐயா, பல் மாந்தம். இவன் அப்பனுக்கும் இப்படித்தான் இருந்தது. தானாக நின்றுவிடும்" என்றார் பாட்டியார். பால் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று எண்ணித் தாய்ப்பாலையும் குறைத்திருந்தார்கள். தகப்பனார் கைமாற்று வாங்கிச் சந்தையிலிருந்து ஏதோ ஒரு பல் மருந்தை வாங்கி வந்திருந்தார். குழந்தையின் கண்கள் குழிவிழுந்திருந்தன. அழுதால் கண்ணீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பிற்று.

உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் சென்றோம். அங்கே உப்பு சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் குழந்தை கண் திறந்து தாயைப் பார்த்தது. இன்னும் ஓர் இரவு தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்று நினைத்தாலும் என் மனம் நடுங்குகிறது. அந்தக் குழந்தைக்கு முதற்பல் வெளிவந்தது அதற்கு ஒன்றரை மாதம் கழித்துத்தான். அப்போது பேதியும் இல்லை, சுரமும் இல்லை.

அந்தப் பாட்டியார் அன்பில் குறைந்தவர் அல்லர். மூன்று இரவும் கண்விழித்துக் குழந்தையை மடியில் வைத்திருந்தவர் அவரே. குறை அவருடைய அன்பில் இல்லை; அவர் கேட்டறிந்த காரணத்தில்தான் இருந்தது.

பல் முளைப்பதன் இயற்கை

பெரும்பாலும் ஆறாவது மாத வாக்கில் கீழ்த்தாடையின் நடுவிலுள்ள இரண்டு முன்பற்கள் முதலில் தோன்றும். சில குழந்தைகளுக்கு நான்காம் மாதத்திலேயே தோன்றுவதும், சிலருக்கு ஒரு வயது கழிந்து தோன்றுவதும் உண்டு. இரண்டரை முதல் மூன்று வயதிற்குள் பால்பற்கள் இருபதும் வந்துவிடும். பதினெட்டு மாதமாகியும் ஒரு பல்லும் வராவிடில் பல் வைத்தியரிடம் காட்டுக.

பல் ஈற்றைத் துளைத்து வரும்போது ஈறு சற்றுத் தடித்துச் சிவக்கும், வாய்நீர் வடியும், குழந்தை கைக்கு அகப்பட்டதையெல்லாம் கடிக்கும், காதைத் தேய்த்துக்கொள்ளும், இரவில் விழித்து அழும், சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும். உடம்பு சிறிது வெதுவெதுப்பாக இருப்பதும் உண்டு.

இதற்கு அப்பாற்பட்டவை எவை? அமெரிக்காவில் 125 சிசுக்களின் நிலையைத் தாய் தந்தையர் தினந்தோறும் குறித்துவைத்தார்கள். அக்குறிப்புகளை வைத்தியர்கள் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பல்லுக்கும், அது வெளிவருவதற்கு நான்கு நாள் முன்னிருந்து மூன்று நாள் பின்வரையில், மேற்சொன்ன சிறு உபத்திரவங்கள் அதிகப்படக் கண்டார்கள். கடுஞ்சுரம், பேதி, வாந்தி, இருமல் ஆகியவற்றிற்கும் பல்லுக்கும் சம்பந்தம் காணவில்லை.

அப்படியாயின் பல் வரும் மாதங்களிலேயே பேதியும் சுரமும் வருவானேன்? தாயின் உடலிலிருந்து பிறக்கும்போது பெற்றுவந்த நோய் எதிர்ப்புச் சக்தி ஆறாம் மாத வாக்கில் குறைந்துவிடுகிறது. அப்போதுதான் தாய்ப்பாலுடன் வேறு உணவும் நீரும் கொடுக்கத் தொடங்குகிறோம். குழந்தையும் தவழக் கற்றுத் தரையில் கிடப்பதை வாயிலிட்டுக்கொள்கிறது. அழுக்குக் கை, மூடாத பானை, ஈ மொய்த்த சோறு ஆகியவற்றின் வழியே கிருமி உள்ளே போகிறது. பல்லும் பேதியும் ஒரே சந்தைக்கு ஒரே நாளில் வந்த இரண்டு வழிப்போக்கர்கள். ஒருவரை மற்றவர் அழைத்து வரவில்லை.

வீட்டிலே செய்யத் தக்கவை

முதலாவது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டிய விரலால் ஈற்றை இரண்டொரு நிமிஷம் மெதுவாக அழுத்தித் தேய்த்துவிடுக. இதைவிடச் சிறந்த மருந்து கடையில் இல்லை.

இரண்டாவது, சுத்தமான மல் துணியைத் துவைத்துக் கொதிநீரில் அலசி, காய்ச்சி ஆறிய தண்ணீரை மண்பானையில் ஊற்றிக் குளிரவைத்து, அதில் நனைத்துப் பிழிந்து குழந்தைக்குக் கடிக்கக் கொடுக்கலாம். துணியின் மறுமுனை தாயின் கையிலேயே இருக்கட்டும். கடிப்பதற்குரிய ரப்பர் வளையமாயின், உள்ளே நீர் நிரப்பாத கெட்டியானதை வாங்கி, குளிர்பெட்டியில் சற்றுநேரம் வைத்துக் கொடுக்கலாம். பனிக்கட்டிபோல் உறைய வைக்கலாகாது, அது ஈற்றைப் புண்ணாக்கும்.

மூன்றாவது, வடியும் வாய்நீரை அடிக்கடி மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இல்லாவிடில் மோவாயிலும் கழுத்திலும் தோல் வெந்து போகும்.

நான்காவது, தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு நன்றாக மசித்து ஆறவைத்த சோறு, கஞ்சி, பழம் கொடுக்கலாம்.

ஐந்தாவது, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். தோளும் தாலாட்டும் பாதி வலியைத் தீர்க்கும்.

இவ்வளவு செய்தும் வேதனை தணியாவிடில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவரோ கிராம சுகாதாரச் செவிலியரோ சொன்ன அளவே கொடுக்க வேண்டும். சொட்டு மருந்தின் வீரியம் வேறு, சிரப்பின் வீரியம் வேறு. ஒன்றின் அளவால் மற்றொன்றை அளந்து கொடுப்பது ஆபத்து. ஆஸ்பிரின் எக்காரணத்தாலும் குழந்தைக்கு ஆகாது.

விலக்கத் தக்கவை

பல் மருந்து என்று விற்கப்பட்டவை உலகெங்கும் செய்த தீங்கு கொஞ்சமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பல் முளைக்கும் சிசுக்களுக்கென்று பெயர்பெற்று விற்ற வின்ஸ்லோ அம்மையார் மருந்தில் அபினிச் சத்தாகிய மார்பின் இருந்தது. குழந்தை அமைதியாய் உறங்கிற்று. சில குழந்தைகள் விழிக்கவே இல்லை. நம் தேசத்திலும் பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் சிசுக்களுக்கு அபினி கொடுத்துறங்கவைக்கும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் விற்ற பல் பொடிகளில் பாதரசச் சரக்கு சேர்ந்திருந்தது. அதனால் கைகால் சிவந்து, தோலுரிந்து, குழந்தைகள் இரவும் பகலும் வேதனைப்பட்டார்கள். காரணம் வெகுகாலம் விளங்கவில்லை. 1948-இல் அமெரிக்க வைத்தியர்களான வார்க்கானியும் ஹப்பர்டும் நோயுற்ற குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். 1954-இல் இங்கிலாந்தில் அப்பொடிகள் கடையிலிருந்து நீக்கப்பட்டன. பிறகு அந்நோயும் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

ஆகையால் பெயர் தெரியாத பொடியையும் உருண்டையையும் சந்தையில் வாங்காதீர்கள். ஈற்றை மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் களிம்பு இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதிற்குட்பட்டவர்களுக்கு அது கூடாதென அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவுவதையும், சாராயம் தொட்டு ஈற்றில் வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு வயதிற்குள் தேன் கூடாது; அதனால் உடலைச் செயலிழக்கச் செய்யும் ஒருவகை விஷநோய் உண்டாகலாம். மாந்தம் என்று சொல்லி வயிற்றில் சூடு போடுவது பச்சைச் சிசுவுக்குச் செய்யும் கொடுமை. அதனால் புண் மிஞ்சுமே தவிர நோய் தீராது.

கழுத்தில் மணிக்கயிறு கட்டிக் கடிக்க விட்டால் கயிறு இறுகலாம். மணி அறுந்து தொண்டையில் சிக்கலாம். முறுக்குத் துண்டு, பச்சைக் காரட் ஆகியவையும் அவ்வாறே. சாயம் பூசிய மலிவான பொம்மையில் ஈயம் இருக்கக்கூடும். முதற்பல் கண்டதும் பல் கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் கொட்டும் நம் வழக்கம் மகிழ்ச்சிக்குரியதே, அதைச் செய்யுங்கள். ஆனால் கீழே சிதறிய கொழுக்கட்டையையும் தேங்காய்ப் பல்லையும் குழந்தை எடுத்து விழுங்காமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பேதி கண்டால்

பேதி கண்டவுடன் செய்ய வேண்டியது இழந்த நீரை ஈடுசெய்வதே. சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் அச்சிட்டிருக்கும் அளவுப்படி, காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கிட்டாத வேளையில் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் சேர்க்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. ஆகவே கண்ணளவு கூடாது. ஒவ்வொரு முறை பேதியான பின்பும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை, பாலாடையாலோ கரண்டியாலோ சிறிது சிறிதாகப் புகட்டுக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கொடுக்கலாம். ஒரு நாள் கழிந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பால் நிற்கவே கூடாது. துத்தநாக மாத்திரையையும் செவிலியரிடம் கேட்டு வாங்கி, அவர் சொல்லும் நாள்வரையில் கொடுத்து வாருங்கள்.

குழந்தையின் உஷ்ணம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் ஆனால் அது சுரம், பல் அன்று. மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவாயின் அக்கணமே ஆஸ்பத்திரிக்குச் செல்க. எவ்வயதானாலும், கண் குழிதல், உச்சிக்குழி பள்ளமாதல், ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாமை, பால் குடிக்க இயலாமை, ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம், வலிப்பு, எழுப்பினாலும் விழியாத மயக்கம் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்துச் செல்லுங்கள். வழியெல்லாம், விழுங்கும் நிலையில் இருந்தால், கரைசலைப் புகட்டிக்கொண்டே போங்கள்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சங்கத்துக் கட்டிடத்தில் பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், ஒரு லிட்டர் அளவுள்ள பாத்திரம் ஒன்றும், ஓர் உஷ்ணமானியும் எப்போதும் இருக்குமாறு ஏற்பாடு செய்யுங்கள். பொட்டலத்தைச் சுகாதார நிலையமே கொடுக்கும்; மற்றவற்றிற்குச் சங்கம் செலவிடும் தொகை அற்பமானது. இரவில் கதவைத் தட்டினால் எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை ஓர் அங்கத்தினர் ஏற்றுக்கொள்ளட்டும்.

வீட்டிலுள்ள மூத்தோர்களைக் கடிந்து பேசாதீர்கள். "பாட்டி, பல்லுக்குத் துணியும் விரலும் போதும்; பேதிக்குக் கரைசல் கொடுப்போம்" என்று மரியாதையாகச் சொன்னால் எந்தப் பாட்டியும் மறுக்கமாட்டார். பேரப்பிள்ளை பிழைத்து நிற்பதைக் காட்டிலும் அவர்களுக்கு வேறு ஆசை ஏது?

பல்லின் கணக்கைப் பல்லின் பேரிலும், நோயின் கணக்கை நோயின் பேரிலும் எழுதுவோமாக.