எண்ணூர்க் கழி

தறியொலியும் தமிழொலியும் தழைக்கும் காஞ்சிப் பெருமக்களே!

கடல்நீர் உள்ளேறியும் ஆற்றுநீர் வெளியேறியும் உலவும் இடத்தைக் 'கழி' என்றனர் முன்னோர். அதன் வாய் 'கழிமுகம்'. உப்பு விளைவதும், இறால் பெருகுவதும், அலையாத்தி வேரூன்றுவதும் அங்கேதான். நெய்தல் நிலத்தின் உயிர்நிலை அது. அப் பழஞ்சொல் இருக்க, 'முகத்துவாரம்' என்னும் கலவைச்சொல் வழக்கேறிற்று. சொல் மறைந்தது, பின் பொருளும் மறையத் தொடங்கிற்று.

சென்னைக்கு வடக்கே, கொசத்தலை என வழங்கும் கொற்றலையாறு கடலோடு கலக்குமிடம் எண்ணூர்க் கழி. காஞ்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? பாலாற்று அணைக்கட்டினின்று நீர் காவேரிப்பாக்கம் ஏரிக்குச் செல்கிறது; ஏரியின் மிகைநீர் கொற்றலையாற்றில் இறங்குகிறது. இன்று காஞ்சிக்குத் தெற்கே ஓடி வயலூரருகே கடலடையும் பாலாறு, பண்டு கொற்றலையாற்றின் வழியே ஓடிற்று என்பர் நிலநூலார். எனவே எண்ணூர்க் கழி காஞ்சிக்கு அயலன்று. அதன் பழைய ஆற்றின் வாயே ஆகும்!

அவ் வாய்க்கு நேர்ந்தது என்ன? 1806இல் சென்னையினின்று எண்ணூர்வரை வெட்டப்பட்ட கால்வாய், பின்னர் நீண்டு, 1878இல் பக்கிங்காம் என்னும் ஆங்கில ஆளுநரின் பெயரைச் சுமந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் ஆற்றுநீரைத் தடுத்துச் சென்னையின் குடிநீராக்கிற்று. அடுத்து அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பு குழாய்களினின்று ஒழுகிக் கழியில் படிந்தது. ஆழம் குறைந்தது, மீன் அருகிற்று. ஆலைகளால் ஒளி பெற்றோர் எங்கோ இருக்க, சாம்பலைப் பெற்றோர் கழிக்கரை மீனவரே!

2017 சனவரி 28 அன்று அத் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் கொட்டிக் கரையெல்லாம் கருத்தது. அக் கப்பல்களுள் ஒன்றின் பெயர் 'டான் காஞ்சிபுரம்'! பட்டுக்குப் பெயர்பெற்ற ஊரின் பெயர் எண்ணெய்க் கறையோடு ஏட்டில் ஏறிற்று. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதி எண்ணெய் கழிக்குள்ளேயே புகுந்தது. வலைகளும் படகுகளும் கறைப்பட்டன.

மின்னாற்றல் வேண்டா என்பார் எவருமிலர். ஆயின், வாயை அடைத்தால் வயிறு வீங்கும். கழியை அடைத்தால் வெள்ளம் ஊர்க்குள் புகும். படிந்த சாம்பலை அகற்றுக! கழியை அளந்து எல்லைக்கல் நடுக! அளக்குங்கால், நீரோட்டம் அறிந்த மீனவரை உடன் கொள்க! பள்ளிப் பிள்ளைகட்குக் 'கழி' என்னும் சொல்லையும் அச் சொற்குரிய நீரையும் ஒருங்கே காட்டுக!

சொல்லைக் காப்பதும் நிலத்தைக் காப்பதும் இருவேறு தொண்டல்ல. வாழ்க தமிழ்! வாழ்க நெய்தல்!