மருந்தடிப்பவரின் உயிர்தான் முதல்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் பெரிய வயல்களுக்குச் சிறு விமானத்தில் மருந்தடிக்கிறார்கள். தொட்டி நிறைய மருந்தோடு குறுகிய ஓடுபாதையில் ஓடும்போது, பாரம் தாங்காமல் மேலெழும்ப முடியாவிட்டால் மோதல்தான். விமானி கவனமாக ஓட்டவில்லை என்று சொல்லிவிடுவது எளிது.

ஃப்ரெட் வைக் என்ற பொறியியலாளர் அப்படி விடவில்லை. மோதினாலும் ஆள் பிழைக்க வேண்டும் என்று யோசித்தார். அவர் வடிவமைத்த பானி விமானம் 1959இல் உற்பத்திக்கு வந்தது. அதில் மருந்துத் தொட்டி விமானிக்கு முன்னால் இருக்கும். ஆசனம் உயரத்தில், பின்தள்ளி இருக்கும். மோதினால் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்.

நாமோ டேங்கை முதுகில் சுமக்கிறோம். மலைச்சரிவில் கால் வழுக்கினால் மருந்து நம் உடம்பிலேயே ஊற்றும். அப்போதும் குறை நம்மீதுதான்!

ஒழுகாத டேங்க் கொடுத்தார்களா? கையுறை, பூட்ஸ், முகமூடி கொடுத்தார்களா? கைகால் கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் மலையில் இருந்ததா? முதலில் இதைக் கேட்போம். வாயால் கேட்டது போதும். கமிட்டி மூலம் எழுத்தில் கேட்போம். கிடைக்கும்வரை டேங்கைத் தோளில் ஏற்றமாட்டோம் என்று ஒன்றாக நிற்போம்!