திறவுகோல் யார் கையில்?



சிற்றூரில் இளைஞர் மன்றம் ஒன்றைத் தொடங்குவது எளிது. ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு நாளிதழ்கள், ஒரு கேரம் பலகை, ஒரு கைப்பந்து, பளிச்சென்று ஒரு பெயர்ப்பலகை. தைப்பொங்கலன்று திறப்பு விழா நடந்துவிடும். மறு பொங்கலுக்கும் அதன் கதவு திறந்திருக்குமா என்பதே வினா. நாளிதழ்ப் பாக்கி ஏறும். திறவுகோலை வைத்திருந்தவர் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போயிருப்பார். மன்றம் பூட்டியே கிடக்கும்.

அரசின் உதவி இல்லாமல் இல்லை. 1972இல் நேரு யுவகேந்திரா தோன்றி, ஊர்தோறும் இளைஞர் மன்றங்கள் எழத் துணைநின்றது. எனினும், அரசு பந்து தரலாம். அந்திப்பொழுதில் தவறாது வந்து விளக்கேற்றும் மனிதரைத் தர இயலாது. அவரை ஊர்தான் ஈன்றெடுக்க வேண்டும். அவர் ஒருவராக இராமல், முறை வைத்துக்கொண்ட ஐவராக இருப்பின், ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் மன்றம் பிழைக்கும்.

அடுத்தது, மன்றம் நிற்கும் இடம். ஊர்த்தெருவின் நடுவே, கோயில் வாசலை ஒட்டி அமைந்தால், சேரி இளைஞன் வருவதில்லை. வராதே என்று எவரும் எழுதி ஒட்டுவதில்லை. இடமே அதைச் சொல்லிவிடுகிறது. இரு தெருவாரும் நாள்தோறும் கடக்கும் பள்ளிக்கூடத் திடலோ பேருந்து நிறுத்தமோ தக்க இடம். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் புறப்பட்ட மாட்டுவண்டி நூலகம், வாசகரைத் தேடி நூல்கள் போக வேண்டும் என்றது. மன்றத்துக்கும் அதுவே நெறி.

பெண்கள்? இருட்டிய பின் மட்டுமே திறக்கும் மன்றம், பெண்களுக்கு மூடிய மன்றமேயாகும். புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களிடம் சேர்த்தது. ஓட்டக் கற்ற பெண்களைக் கேலி செய்தவர்கள் ஓய்ந்தனர், மிதிவண்டிகள் ஓயவில்லை. ஞாயிறு முற்பகலைப் பெண்களுக்கென ஒதுக்க ஒரு மன்றத்துக்குப் பணம் தேவையில்லை, துணிவே தேவை.

மூன்றாவது, கணக்கு. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என விலக்கியது. ஆயின் அது அந்தணர் சபை. முப்பத்தைந்து வயது நிரம்பாதவருக்கும் அங்கு இடமில்லை. அன்று விலக்கப்பட்ட அனைவரும் கூடும் இடமாக மன்றம் அமையட்டும். அந்தக் கணக்கு நெறியை மட்டும் கைக்கொள்ளட்டும். மாத வரவு செலவைச் சுவரில் எழுதிவைக்கும் மன்றத்தில் பூசல் குறையும். கட்சிக் கொடியோ நடிகர் படமோ அதை எளிதில் விழுங்காது.

கவிஞர்களுக்கு இதில் என்ன பணி? திறப்பு விழாக் கவியரங்கத்தோடு திரும்பிவிடுவதன்று. திங்களுக்கொரு முறை சென்று, தம் கவிதையைப் படிக்குமுன் அவ்வூர்ப் பிள்ளைகள் எழுதியதைக் கேட்பது. அவர்களைக் கொண்டே ஒரு கையெழுத்து ஏடு நடத்துவிப்பது. தன் பெயரை அந்த ஏட்டில் கண்ட சிறுவன், அடுத்த இதழுக்காகவேனும் வந்து கதவைத் தட்டுவான். பத்தாண்டு கூடிக் கலைந்து மீண்டும் கூடிய இவ்வட்டத்துக்கு, ஓர் அவையை உயிரோடு வைத்திருப்பதன் அருமை தெரியும். அந்த அனுபவம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கேனும் பயன்படுமாக.