வீடு யாரிடம் ஈடு?



வேலை இழந்தவனுக்குப் பகற்பொழுது எவ்வளவு நீளம் என்பதை வேலையில் இருப்பவன் அறியான். அமெரிக்க நாட்டிலே, ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரிலே, 2009ஆம் ஆண்டிலே, அப்படிப்பட்ட ஒருவனை உங்கள் மனக்கண்முன் நிறுத்துகிறேன். பெயர் வேண்டாம், அவனைப் போன்றோர் அங்கே ஆயிரமாயிரவர். அவ்வாண்டு அக்டோபரில், அந்நாட்டில் உழைக்க முன்வந்தோரில் நூற்றுக்குப் 10 பேர் வேலையற்றுக் கிடந்தனர்.

காலை 5 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது அவனுக்கு. ஆலையை மூடிவிட்டார்கள், பழக்கத்தை மூட முடியவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் வரையில் ஏதோ வேலையாக இருப்பவன்போல் நடிக்கிறான். பிறகு விண்ணப்பம், மீண்டும் விண்ணப்பம். வேலை தேடினேன், கிடைக்கவில்லை என்று வாரந்தோறும் அரசுக்கு உறுதி கூறினால்தான் உதவித்தொகை. அதுவும் பழைய கூலியில் ஏறத்தாழப் பாதி. தொலைபேசி மணி அடித்தால் எடுப்பதில்லை. தவணை கேட்கும் குரல் அது. தபாற்காரர் வரும் நேரத்தில் மட்டும் வாசலுக்கு ஓடுகிறான், கடிதம் மனைவியின் கண்ணில் படுவதற்குமுன் எடுத்து ஒளித்துவிட! அடுத்த வீடு காலி. சன்னல்களில் பலகை, உள்ளே இருந்த செப்புக் குழாய்களைத் திருடர் பெயர்த்துச் சென்றுவிட்டனர்.

குற்றம் தன்னுடையதே என்று குமைகிறான். தகுதிக்கு மீறி ஏன் கடன் வாங்கினாய் என்று கேட்கும் அறிவாளிகளுக்கும் பஞ்சமில்லை. நானுங்கூட முதலில் அவ்விதமே எண்ணினேன்.

நமது ஊரில் வீட்டை ஈடு வைத்தால், பணம் கொடுத்தவன் முகம் தெரியும். ஈவிரக்கமற்றவனாக இருக்கட்டும், அவன் திண்ணையிலே போய் நின்று கெஞ்சவேனும் முடியும். கொடுத்தது திரும்புமா என்ற கவலை அவனுக்கும் உண்டு. கிளீவ்லாந்தில் கடன் கொடுத்தவர்களோ அந்தக் கவலையையே விற்றுவிட்டார்கள்! கடன் பத்திரம் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போயிற்று. ஆயிரக்கணக்கான கடன்களைக் கட்டாகக் கட்டி, கூறு போட்டு, தரம் பார்க்கும் நிறுவனங்களிடம் முதல்தர முத்திரை பெற்று, உலகெங்கும் விற்றனர். கடன் திரும்பினால் என்ன, திரும்பாவிட்டால் என்ன? எத்தனை பேர் தலையில் கட்டினோம் என்பதே தரகனுக்கு ஆதாயம். ஆகவேதான் வருமானச் சான்றுகூடக் கேளாமல் பலருக்கு அள்ளி விட்டார்கள். முதல் 2 ஆண்டுக்குக் குறைந்த வட்டி. அடுத்த 28 ஆண்டுக்கு ஏறும் வட்டி! வட்டி ஏறுமுன் புதுக்கடன் வாங்கிப் பழையதை அடைக்கலாம் என்றனர். வீட்டு விலை ஏறும் வரையில் அது நடந்தது. 2006க்குப் பின் விலை சரிந்தது. அந்த வழியும் அடைபட்டது.

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். அதே நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றம். 2007 அக்டோபர் 31. வீடுகளைப் பறிமுதல் செய்ய ஒரு பெரிய வங்கியின் பெயரால் தொடுத்த 14 வழக்குகள். வழக்குத் தொடுத்த நாளன்று இந்த ஈட்டுப் பத்திரங்கள் உங்களுடையவை என்பதற்குச் சான்று எங்கே என்றார் நீதிபதி கிறிஸ்டோபர் பாய்கோ. சான்று இல்லை! 14 வழக்குகளையும் தள்ளினார். காகிதம் திரட்டிக்கொண்டு மீண்டும் வர அவர்களுக்கு உரிமை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆயினும், வீட்டைப் பிடுங்க வந்தவன் வீடு தன்னிடம் ஈடு என்று காட்ட முடியாமல் நின்றானே!

2008 செப்டம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தைக் காக்க 8,500 கோடி டாலர். அக்டோபர் 3இல் 70,000 கோடி டாலருக்குச் சட்டம். பதினெட்டே நாட்கள்! தவணையைக் குறைக்கும்படி மனுச் செய்த வீட்டுக்காரர்களுக்கோ, காகிதம் வந்து சேரவில்லை, மறுபடி அனுப்புக என்ற பதில். அனுப்பினால் மீண்டும் அதே பதில்.

நாம் மனக்கண்முன் நிறுத்திய அந்த மனிதன் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்கிறான். பகல்தான் நீளமாயிற்றே! என் கடன் பத்திரம் இப்போது யாருக்குச் சொந்தம் என்று எழுதிக் கேட்கிறான். கேட்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. எழுதி முடித்தபின், ஒளித்து வைத்திருந்த கடிதங்கள் அத்தனையையும் எடுத்துவந்து, சமையலறை மேசைமீது மனைவியின் முன்னே பரப்புகிறான்.