பூனைவணங்கி



மேலைநாட்டார் தம் பூனைகட்குக் 'கேட்னிப்' என்னும் செடியின் காய்ந்த இலையை இடுவர். பூனை அதனை முகர்ந்து, கன்னம் தேய்த்து, புரண்டு களிக்கும். அச்செடிக்குத் தமிழ்ப்பெயர் யாதென வகுப்பில் ஒரு மாணவன் வினவ, மற்றொருவன் 'பூனைவணங்கி' என்றான். அவ்விடையைச் சற்றே ஆராய்வோம்.

பூனைவணங்கி என்பது நம் குப்பைமேனி. கொல்லையிலும் குப்பைமேட்டிலும் தானே முளைப்பது. இலையை உப்புடன் அரைத்துச் சொறி சிரங்கிற்குப் பூசுவர். இதனை வேரொடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து, தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி வேரில் முகம் தேய்க்கும். காண்பார்க்கு அது வணங்குவதாகவே தோன்றும்.

இனிச் சொல்லமைப்பு. மரங்கொத்தி என்பதில் இகர ஈறு வினைமுதலைக் குறித்தது; கொத்துவது பறவை. அவ்வாறே கொள்ளின், பூனைவணங்கி என்பது பூனையை வணங்கும் செடி என்றாகும்! எச்செடி எப்பூனையை வணங்கிற்று? இச்சொல் ஊருணி போன்றது. ஊர் உண்ணும் நீர்நிலை ஊருணி. பூனை வணங்கும் செடி பூனைவணங்கி. இகரம் ஈண்டுச் செயப்படுபொருளைச் சுட்டிற்று. இலக்கண நூலைக் கண்ணாலும் காணாத உழவனோ மருத்துவச்சியோ இட்ட பெயராகலாம். ஈறு பிறழவில்லை, பாருங்கள்!

ஆங்கிலப் பெயரில் 'கேட்' பூனை. 'நிப்' என்பது கிள்ளுதல் என ஆங்கிலேயரே மயங்கக்கூடும். உண்மையில் அது 'நெப்பெட்டா' என்னும் இலத்தீன் பெயரின் தேய்வு.

நம் செடியின் பெயரும் கடல் கடந்ததுண்டு. கொச்சியில் ஒல்லாந்தர் ஆளுநராயிருந்த வான் இரீடு தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் 12 மடலங்களாக வெளிவந்த 'மலபார்த் தோட்டம்' என்னும் இலத்தீன் நூலில், மலையாளத்தார்க்கும் நமக்கும் பொதுவான 'குப்பமேனி' என்ற பெயரே ஏறிற்று. 1763இல் பிரெஞ்சு அறிஞர் அடான்சன் அதனையே செடியினத்தின் பெயராக்கினார். ஆயினும் இலின்னேயசு 1753இலேயே 'அகலிப்பா' என்று வழங்கிவிட்டமையால் அதுவே நிலைத்தது. அது காஞ்சொறி போன்ற சுணைச்செடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. நம் குப்பைமேனியோ தொட்டால் சுணைப்பதே இல்லை!

ஆயின், கேட்னிப்பைப் பூனைவணங்கி எனலாமா? கூடாது. அது துழாய்க் குடும்பம். இது ஆமணக்குக் குடும்பம். 2016இல் ஆத்திரேலிய ஆராய்ச்சியாளர் குப்பைமேனி வேரிலிருந்து பூனையை ஈர்க்கும் இரு பொருள்களைக் கண்டறிந்து வெளியிட்டனர். அவை கேட்னிப்பின் மணப்பொருளுக்கு நெருங்கிய உறவின. உறவு மணத்திலன்றிச் செடியில் இல்லை. மேலைநாட்டார் கேட்னிப் இலையைக் கொதிநீரிலிட்டுப் பருகுவர். குப்பைமேனிச் சாறோ வாயாலெடுக்கச் செய்வது. இரண்டிற்கும் ஒரே பெயரிட்டால், படித்தவன் எதனைப் பறித்துக் குடிப்பான்?

'பூனைப்புதினா' எனலாமெனின், புதினா பாரசீகத்தினின்று வந்த சொல். துழாய்க் குடும்பத்ததாகலின் கேட்னிப்பைப் 'பூனைத்துழாய்' என்போம். பாடநூல் எழுதும் நண்பர்கள் இதனை ஏற்க வேண்டுகின்றேன். பூனைவணங்கி என்னும் பெயர் அதற்குரிய செடிக்கே இருக்கட்டும். ஐயுறுவார், கொல்லைப்புறத்தில் ஒரு குப்பைமேனியை வேரொடு பிடுங்கி முற்றத்தில் இட்டுப் பார்க்கலாம். எல்லாப் பூனையும் வணங்கும் என்று நான் உறுதி கூறேன். பூனைகளிலும் வணங்காமுடிகள் உண்டு.